மாக்சிக்கிடம் சாவி இருக்கட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். பிறகு "அமைச்சு அதிகாரி" என்று இன்னொருவனிடம் இணைப்பைக் கொடுத்தான். அம்மாவின் கணக்கு கள்ளப்பண விசாரணையில் இருப்பதாக மிரட்டி, 22,000 வெள்ளியைப் "பாதுகாப்பான கணக்கு" ஒன்றுக்கு மாற்ற வைத்துவிட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை. அதன்பிறகு வீட்டில் சில விதிகள் போட்டேன். தெரியாத எண் என்றால் எடுக்கக் கூடாது, யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மூத்த மலாய்ப் பெண்மணியை அப்படித்தான் அழைப்போம்) எங்கள் வீட்டுச் சாவி ஒன்று பல வருடமாக இருந்தது. அதையும் வாங்கி வந்துவிட்டேன். இனி நம்ம ஆட்களை மட்டும் நம்பினால் போதும் என்பது என் முடிவு. அம்மா இப்போதெல்லாம் கீழே இறங்குவதே இல்லை. போன வாரம் காத்திப் பேருந்து நிறுத்தத்தில் என் 12 வயது மகள் ஒரு பர்ஸைக் கண்டெடுத்தாள். "தொடாதே, வம்பு" என்றேன். கேட்காமல் அதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, "யாரையும் நம்பக்கூடாதுன்னா, நம்மளை மட்டும் மத்தவங்க ஏன்ப்பா நம்பணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களை மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள்? அது ஏமாளித்தனம்தானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாக அந்தச் சாவியை மாக்சிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது. அவற்றில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில், பாதிக்கப்பட்டவர்களே தங்கள் கையால் பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். என் ஆலோசனை அறையில் இந்தக் கதையோடு வந்து உட்காருகிறவர்களில் முதியவர்களும் உண்டு, கணக்காளர்களும் உண்டு, கணினித் துறையில் இருப்பவர்களும் உண்டு. எனவே அம்மாவை "விவரம் தெரியாதவர்" என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள்.

உங்கள் விதிகளுக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. அம்மா மனிதர்களை அளவுக்கு மீறி நம்பினார், அதனால் ஏமாந்தார், நம்புவதைக் குறைத்தால் ஏமாறுவதும் குறையும் என்பதுதான் அது. இந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்று காட்ட, முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன்.

உங்கள் புளோக்கையே பாருங்கள். பார்சல் கொண்டுவருகிறவர் ஆள் இல்லையென்றால் காலணி அலமாரியின் மேல் வைத்து, ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார். சாயங்காலம் நீங்கள் திரும்பும்வரை அந்த வழியாக எத்தனையோ பேர் போகிறார்கள், பார்சல் அங்கேயே இருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து 'சோப்' பண்ணிவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டு, வரிசையில் நிற்கிறோம். டிஷ்யூவாவது பரவாயில்லை, அலுவலக அட்டையை, சில நேரம் கைப்பேசியையே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடம், கைப்பேசியில் பணம் அனுப்பியதைக் காட்டும் பேநவ் திரையைத் தூக்கிக் காட்டினால், அவர் கரண்டியைக் கீழே வைக்காமலேயே தலையாட்டுகிறார். தொகையைப் படித்தாரா என்பதுகூடச் சந்தேகம்தான்.

"இங்கே சட்டம் கடுமை, கேமரா இருக்கிறது, அதனால்தான்" என்று சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. லஞ்சம் வாங்காத காவல்துறையும் ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத நீதிமன்றமும் இருக்கும் நாடுகளில், முன்பின் தெரியாதவர்மீது மக்களுக்கு நம்பிக்கை கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் டிஷ்யூ பாக்கெட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவர்மேல் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள்? அங்கே சட்டத்துக்கு வேலையே இல்லை. அப்படியும் மேசை காலியாகவே இருக்கிறது.

பயத்தையும் லாபத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 1995இல் ஜாய்ஸ் பெர்க், ஜான் டிக்காட், கெவின் மெக்கேப் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய விளையாட்டை நடத்தினார்கள். உங்கள் கையில் 10 டாலர். வேறோர் அறையில் இருக்கும், முகம் தெரியாத, இனியும் தெரியப்போகாத ஒருவருக்கு அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்பியது மூன்று மடங்காகி அவரிடம் போகும். அவர் விரும்பினால் கொஞ்சம் திருப்பித் தரலாம், தராமல் முழுவதையும் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். சுயநலம் மட்டுமே மனிதன் என்றால் ஒருவரும் ஒரு காசுகூட அனுப்பியிருக்கக் கூடாது. 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரியாக 5 டாலருக்குக் கொஞ்சம் மேல். திரும்பி வந்தது சராசரியாக 5 டாலருக்குக் கொஞ்சம் கீழ்.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். நம்பியவர்களுக்கு லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் எதற்கு நம்பினார்கள்?

இதைத் துருவிப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் டேவிட் டன்னிங்கும் ஜெர்மனியின் கொலோன் நகரில் டெட்லெஃப் ஃபெட்சென்ஹவரும். இதே போன்ற விளையாட்டில், பணத்தைக் கொடுப்பதற்கு முன் "எதிராளி திருப்பித் தருவார் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர்தான் தருவார்கள் என்பது மக்களின் ஊகம். அதே அளவு வாய்ப்புள்ள லாட்டரி என்றால் பலர் பணம் போடத் தயாராக இல்லை. ஆனால் எதிரில் இருப்பது இன்னொரு மனிதர் என்றதும் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்க ஆசையாக இருக்கிறது என்பதைவிட, கொடுக்காமல் இருப்பது முறையல்ல என்ற எண்ணமே அவர்களைத் தள்ளுகிறது. ஒருவருடைய யோக்கியதையைச் சந்தேகிக்கிறோம் என்று அவருக்கே தெரியும்படி நடந்துகொள்ள நமக்குக் கூச்சம். முகமே தெரியாத ஆளிடம்கூட அந்த மரியாதையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

(மிச்சக் கதையையும் கேளுங்கள். பாதிப் பேர் தருவார்கள் என்று ஊகித்த இடத்தில், உண்மையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திருப்பித் தந்தார்கள்.)

இந்த மரியாதை கொடுப்பவரோடு நிற்பதில்லை, வாங்கிக்கொண்டவரையும் கட்டிப்போடுகிறது. நியூயார்க் அருகே ஜோன்ஸ் பீச் கடற்கரையில் தாமஸ் மோரியார்ட்டி செய்த சோதனை 1975இல் வெளியானது. ஒருவர் வானொலிப் பெட்டியை விரிப்பில் வைத்துவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் "திருடன்" வந்து எடுக்கிறான். பக்கத்தில் படுத்திருந்தவரிடம் முன்பே நெருப்பு கேட்டுச் சும்மா பேசிவிட்டுப் போயிருந்தால், ஐந்தில் ஒருவர்தான் திருடனைத் தடுத்தார். "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாலோ, 20 பேரில் 19 பேர் எழுந்து ஓடினார்கள். உணவங்காடி நிலையத்தில் பக்கத்து மேசை ஆன்ட்டியிடம் பையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் திரும்பும்வரை அவர் சாப்பாட்டைவிட உங்கள் பையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாக்சிக்கும் இத்தனை வருடம் அப்படித்தான் இருந்திருப்பார். நீங்கள் சாவியைக் கேட்டு வாங்கியபோது அவரிடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டது வேறாகத்தான் இருக்கும்.

இப்போது சந்தேகத்தின் பக்கம் வருகிறேன். சந்தேகப்படுவது புத்திசாலித்தனம் என்று நாம் நினைப்பதற்கு ஒரு காரணம், அது தப்பென்று நமக்குக் கடைசிவரை தெரியவராததுதான். ஒருவரை நம்பி ஏமாந்தால் உடனே தெரிந்துவிடுகிறது, வலிக்கிறது, பத்துப் பேரிடம் சொல்கிறோம். நம்பாமல் ஒதுங்கிவிட்டால் அவர் நல்லவராக இருந்திருப்பார் என்பதை நமக்கு யார் வந்து சொல்வார்கள்? அதே டன்னிங், ஃபெட்சென்ஹவர் இருவரும் இதையும் சோதித்தார்கள். நம்பிய ஆட்களின் முடிவை மட்டும் பார்க்க முடிந்தவர்கள் கடைசிவரை மனிதர்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தாங்கள் நம்பாமல் விட்ட ஆட்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதையும் காட்டியபோது அந்தத் தப்பு திருந்தியது. சூடு கண்ட பூனை பாலைத் தொடாமல் இருந்தால், பால் ஆறிவிட்டது என்பது அதற்குத் தெரியவே போவதில்லை. உங்கள் அம்மா இப்போது அந்த நிலைமையில் இருக்கிறார். நீங்களே கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

ஜப்பானிய சமூக உளவியலாளர் தோஷியோ யமகிஷி இதில் இன்னோர் அடி எடுத்துவைத்தார். மற்றவர்களைப் பொதுவாக நம்புகிறவர்கள் எளிதில் ஏமாறுகிறவர்கள் அல்ல என்று காட்டினார். எதிராளி எப்படிப்பட்டவர் என்பதற்கான சின்னச் சின்ன அறிகுறிகளை அவர்களே கூர்ந்து கவனிக்கிறார்களாம். யாரையும் நம்பாதவருக்குப் பயிற்சியே இல்லாமல் போய்விடுகிறது. நாலு பேரோடு பழகிக் கற்கவேண்டிய வித்தை அது. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அம்மாவுக்கு மோசடிக்காரனின் குரலைத் தவிர வேறு வெளிக்குரல் கேட்காது. தனிமை அவனுக்குத்தான் வசதி.

"நம்ம ஆட்களை மட்டும்" என்கிறீர்கள். ஒரு காலத்தில் இந்த ஊர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் கூடங்கள், இருந்தன. ஒரே கூரையின் கீழ் பல பெட்டகங்கள், பல முதலாளிகளின் ஏஜெண்டுகள். ஊர்விட்டு ஊர் கைச்சீட்டிலேயே பணம் நகர்ந்தது. சாதி ஒன்று, கோயில் ஒன்று என்ற பாசம் மட்டும் அதை நடத்தியதாக நினைத்துவிடக் கூடாது. கணக்கு எழுதி ஊருக்கு அனுப்பியாக வேண்டும், தப்புச் செய்தால் சொந்த ஊரில் குடும்பத்தின் பெயர் போகும், அடுத்த வேலை கிடைக்காது. அது மேற்பார்வையும் பெயர் கெடும் பயமும் சேர்ந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் "நம்ம ஆள்" என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சீட்டுக் கட்டியவர்களும் கடன் கொடுத்தவர்களும் என் அறையில் அழுதிருக்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கு நம் மொழி தெரிந்திருப்பது கூடுதல் ஆயுதம், அவ்வளவுதான். கிட்டங்கிக்காரர்களும் தங்களுக்குள் மட்டுமே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் தொழில் வளர்ந்திருக்குமா? சீனர், மலாய்க்காரர் என்று எல்லோருக்கும் கடன் கொடுத்தார்கள்.

சரி, அம்மா எங்கே சறுக்கினார்? நான் மேலே சொன்ன அந்தக் கூச்சத்தில்தான். தொலைபேசியில் பேசியவன் அதிகாரியாக, மரியாதையாகப் பேசியிருப்பான். "உங்களை எப்படி நம்புவது?" என்று அவனிடம் நேராகக் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. அது அவருடைய பலவீனம் அல்ல. மாக்சிக்கோடு இத்தனை வருடம் நல்ல உறவு வைத்திருக்கச் செய்த அதே பண்பு. மோசடிக்காரன் அந்தப் பண்பைப் பிடித்துக்கொண்டு, கூடவே இரண்டைச் சேர்க்கிறான்: அவசரம், இரகசியம். "இன்றைக்குள்ளே முடிக்க வேண்டும், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்." நல்ல எண்ணத்தோடு நம்பிக்கை கேட்கிற யாரும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்லை. மாக்சிக் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்.

சிறுகச் சிறுகப் பழகி நம்பினால் ஆபத்தில்லை என்று நான் சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை மோசடிகளில் முதலில் சின்னத் தொகையைச் சம்பளமாகத் தந்து நம்ப வைத்துவிட்டுத்தான் பெரிதாகக் கறக்கிறார்கள். அதனால் ஆளை எடைபோடும் பாரத்தை அம்மாவின் தலையில் முழுவதுமாக வைக்காதீர்கள். ஆளைச் சந்தேகிக்காமலேயே விஷயத்தைச் சரிபார்க்கும் வழியை அவருக்குக் கொடுங்கள். "யாராயிருந்தாலும் நான் பணம் பற்றித் தொலைபேசியில் பேசுவதில்லை, மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், வைக்கிறேன்." இந்த ஒரு வரியை, அவருக்குச் சரளமான மொழியில், நாலு முறை உங்களிடமே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரையும் அவமதித்த உறுத்தல் வராது. வைத்துவிட்டு 1799ஐ அழைக்கட்டும். அது மோசடியோ என்று சந்தேகம் வந்தால் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும். அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார் என்பதையும் குளிர்பதனப் பெட்டியின்மேல் எழுதி ஒட்டுங்கள்.

வங்கிக்கும் ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்று வங்கிகளிலும் 2023 நவம்பரிலிருந்து பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாருக்கும் அனுப்ப முடியாது. சேமிப்பின் பெரும்பகுதியை அதில் போட்டுவிட்டு, மாதச் செலவுக்கானதை மட்டும் வெளியே விடுங்கள். இதை அம்மாவே முடிவு செய்யட்டும். அவர் கணக்கு, அவர் பணம். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்படுகிறவர் யார் சொல்லியும் கேட்காமல் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தால், அவர் கணக்கின் பரிவர்த்தனைகளைக் கொஞ்ச காலம் தடுத்து வைக்கும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். சொந்தப் பிள்ளைகள் கெஞ்சியும் கேட்காமல் தொலைபேசிக் குரல் சொன்னதையே செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் வந்த சட்டம் இது. அம்மாவிடம் "நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா?" என்று வாதாடுவதில் பயனில்லை.

மகளின் கேள்விக்கு வருவோம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை "தெருவில் கிடந்தது" என்று சொல்லி வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களின் முகப்பு மேசைகளில் கொடுத்தார்கள். உள்ளே பெயர் அட்டை, கடைச் சாமான் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் பணம், சிலவற்றில் இல்லை. பணம் இல்லாத பர்ஸ்களுக்கு உரியவரைத் தேடித் தகவல் அனுப்பியவர்கள் 40 விழுக்காட்டினர், பணம் இருந்தவற்றுக்கு 51 விழுக்காட்டினர். மூன்று நாடுகளில் தொகையை ஏறக்குறைய 94 டாலராக உயர்த்திப் பார்த்தார்கள். அங்கே 72 விழுக்காட்டினர் தகவல் அனுப்பினார்கள். பணம் கூடக் கூட ஆசை கூடும் என்றுதான் பொதுமக்கள் ஊகித்திருந்தார்கள். பொருளியல் அறிஞர்களும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தொலைத்தவர் படும் பாட்டை நினைத்து இரக்கம் ஒன்று. பெரிய தொகையை வைத்துக்கொண்டால் "நான் திருடன்" என்று தன்னிடமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது மற்றொன்று.

உங்கள் மகள் அந்த 72 விழுக்காட்டினரின் பக்கம் இருக்கிறாள். "நம்மை ஏன் நம்ப வேண்டும்?" என்று அவள் கேட்டது எதிர்த்துப் பேசுவதற்காக அல்ல, தான் செய்தது சரிதான் என்று உங்கள் வாயால் கேட்பதற்காக. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "அவங்க நம்மளை நம்புறதாலதான் நாம இப்படி இருக்கோம், நாம இப்படி இருக்கறதாலதான் அவங்க நம்புறாங்க" என்று சொன்னால் 12 வயதுக்குப் புரியும். உங்கள் "வம்பு" என்ற பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன், "உள்ளே இருந்த பணம் எங்கே?" என்று கேட்கும் ஆட்கள் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. பர்ஸைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்காமல், பெரியவர் ஒருவரோடு போய் ஓட்டுநரிடமோ எம்ஆர்டி ரயில் பயணிகள் சேவை நிலையத்திலோ அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ கொடுத்தால் போதும். கண்டெடுத்ததைக் கெட்ட எண்ணத்தோடு வைத்துக்கொள்வது இங்கே தண்டனைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள். அவளுக்கு அது தேவைப்படாது, கூடப் படிக்கிற யாருக்காவது தேவைப்படலாம்.

சாவியைக் கொடுக்கப் போகும்போது நீங்கள் மட்டும் போகாமல் அம்மாவையும் அழைத்துப் போங்கள். நடந்ததை மாக்சிக்கிடம் சொல்லலாமா என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும். பணம் போனதைவிட வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கம்தான் இவர்களைப் பெரும்பாலும் அறைக்குள் முடக்குகிறது. ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாதி இறங்கிவிடும்.

நான்கு மாதமாக அவர் கீழே இறங்கவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. சாப்பாடு குறைந்திருக்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, டிவி பார்ப்பதை, கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாரா என்று கவனியுங்கள். இவற்றில் எதற்காவது ஆம் என்றால் பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மனநல உதவிக்கான தேசிய எண் 1771 எந்த நேரமும் இயங்கும். முதலில் நீங்களே அழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவிடம் கொடுக்கலாம்.